வண்ணப் பெட்டியை விடுங்கள், தாளைப் பாருங்கள்

ஓவியப் பொருள்கள் வாங்குவது பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, பத்திரிகைகளுக்குப் படம் வரையும் ஓவியர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு வாட்டர்கலர் பழகுகிறேன். 48 வண்ணங்கள் உள்ள பெட்டி வாங்கினேன். தாள் அப்பளமாக நெளிகிறது, வண்ணம் திட்டுத்திட்டாக நிற்கிறது. இன்னும் விலை கூடிய வண்ணம் வாங்க வேண்டுமா? (மதுரை வாசகி)

வேண்டாம் அம்மா. வண்ணத்தின் மேல் குற்றமில்லை. எந்தத் தாளில் வரைகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் ‘அப்பளம்’ காட்டிக்கொடுத்துவிட்டது. ஜெராக்ஸ் தாள் சதுர மீட்டருக்கு 70, 75 கிராம்தான் இருக்கும். தண்ணீரைத் தாங்க அதே கணக்கில் 300 கிராம் (300 ஜி.எஸ்.எம்.) வேண்டும். ‘100 சதவீதம் பருத்தி’ என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பருத்தித் தாளில் ஈரம் நிதானமாகக் காயும். வானத்தைப் பூசி முடிப்பதற்குள் ஓரம் காய்ந்து கோடு விழாது. கை தவறினாலும் ஈரத் தூரிகையால் தேய்த்துத் துணியில் ஒற்றி எடுத்துவிடலாம்.

விலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். அதனால் தைத்த நோட்டாக வாங்காமல் 22 x 30 அங்குல முழுத்தாளாகக் கேளுங்கள். நீளத்தை நான்காகவும் அகலத்தை இரண்டாகவும் மடித்து, மடிப்பை நகத்தால் இருபுறமும் அழுத்தித் தேய்த்துக் கிழித்தால் 7.5 x 11 அங்குலத்தில் எட்டுத் துண்டுகள் கிடைக்கும். பின்பக்கத்தையும் விடாதீர்கள், பதினாறு படங்களுக்கு ஆயிற்று.

வாங்கிய பெட்டியைத் தூக்கிப் போடவும் வேண்டாம். அதற்கு ஒரு சோதனை வையுங்கள். ஒவ்வொரு வண்ணத்தையும் ஒரு விரல் அகலப் பட்டையாகப் பூசி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். என் வீட்டு மேற்கு ஜன்னலில் இரண்டு மாதம் இருந்த பட்டைகளில் ஒரு ரோஜா நிறம் திறந்த பக்கத்தில் கிட்டத்தட்டக் காணாமல் போயிருந்தது. மூடிய பக்கத்தில் அன்று பூசியது போலவே பளிச்சென்று இருந்தது. ஓடிப்போகும் வண்ணங்களைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், சட்டம் போட்டு மாட்டும் படத்துக்கு வேண்டாம்.

அடுத்த முறை டியூப் வாங்கும்போது முன்பக்கப் பெயரில் மயங்காமல் பின்பக்கத்தில் உள்ள நிறமிக் குறியீட்டைப் படியுங்கள். பி.பி.29 என்றால் அல்ட்ராமரைன் நீலம், நிலைத்து நிற்கும். பி.ஆர்.83 என்றால் அலிசாரின் சிவப்பு, அழகாக இருக்கும், வெளிச்சத்தில் மங்கிவிடும். பெயருக்குப் பின்னால் ‘ஹியூ’ என்று இருந்தால் பெரும்பாலும் அசல் நிறமிக்குப் பதிலாக மலிவான வேறொன்று என்று பொருள். மலிவு என்பதாலேயே மட்டம் என்று ஒதுக்காதீர்கள், அதையும் ஜன்னலில் ஒட்டிப் பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் கீரி முடித் தூரிகை ஒன்றைப் பார்த்தேன். எண்ணெய் வண்ணத்துக்கு அதுதான் சிறந்தது என்கிறார் என் நண்பர். வாங்கலாமா? (திருச்சி மாணவர்)

கூடாது. கீரி பாதுகாக்கப்பட்ட விலங்கு. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதன் முடியால் செய்த தூரிகையை விற்பதும் வாங்குவதும் குற்றம். நுனியும் அடியும் கருத்து, நடுவில் வெளிறிய பட்டை தெரியும் முடியைக் கண்டால் ஒதுங்கிவிடுங்கள். நல்ல செயற்கை இழைத் தூரிகை போதும். எண்ணெய் வண்ணத்தில் அது விறைத்து நின்று நன்றாகவே உழைக்கும்.

கேள்வி: பவுண்டன் பேனாவில் இந்தியன் இங்க் ஊற்றினேன். ஒரே வாரத்தில் அடைத்துக்கொண்டது. மையைத் திருப்பித் தந்தால் கடைக்காரர் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லைக் காட்டுகிறார். (கோவை வாசகர்)

இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்வோம். நீரில் கரையாத இந்தியன் இங்க்கில் அரக்கு சேர்ப்பதுண்டு. அது காய்ந்தால் தண்ணீருக்கு அசையாது. அதனால்தான் படத்தின் மேல் வண்ணம் பூசினாலும் கோடு கலைவதில்லை, அதனால்தான் உங்கள் பேனாவும் அடைத்தது. தொட்டு எழுதும் நிப்புக்கான மை அது. புட்டியிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருந்தால் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் பில்லில் உள்ள அந்த வாசகம் வேதவாக்கு அல்ல. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். மை திரிந்துபோயிருந்தாலோ, ‘பவுண்டன் பேனாவுக்கு உகந்தது’ என்று சொல்லி விற்றிருந்தாலோ 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். புட்டியையும் கழுவிவிடாதீர்கள்.

கேள்வி: தினமும் வரைய ஆசைதான். எதை வரைவது, அதற்கு என்னென்ன வாங்குவது என்றே தெரியவில்லை. (சென்னை வாசகி)

இந்த மாதம் எதுவும் வாங்காதீர்கள். நான் காலையில் பால் வாங்கப் போகும் வழியில் ஒரு பூக்கார அம்மாள் உட்கார்ந்திருப்பார். பூ கட்டும் அவருடைய விரல்களை மட்டும் வரைந்தே ஒரு சின்ன நோட்டு தீர்ந்துவிட்டது. முதலில் 2பி பென்சில். அதில் கை தயங்கித் தயங்கி அழித்தது என்று பால் பாயிண்ட் பேனாவுக்கு மாறினேன். பிறகு தொட்டிச் செடிக்கு முட்டுக் கொடுத்திருந்த மூங்கில் குச்சியைச் சாய்வாகச் சீவி, வற்றக் காய்ச்சிய டீ டிகாக்‌ஷனில் தொட்டு இழுத்தேன். குச்சி நனைந்திருக்கும்போது கோடு தடிப்பாக ஓடும், மை தீரத் தீர நார் நாராகப் பிரியும். வாழைநாருக்கு இதைவிடப் பொருத்தமான கோடு எனக்கு எந்தப் பேனாவிலும் கிடைக்கவில்லை. டீக்கறை நாளடைவில் நிறம் மாறும், எறும்பும் வரும். டிகாக்‌ஷனில் சர்க்கரை போட்டுவிடாதீர்கள்.