தலையாட்டலுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

அன்புள்ள ஐயா,
திருவாரூர் மாவட்டத்தில் பண்ணை ஆலோசகராக இருக்கிறேன். நெல்லோடு மீன்குட்டை, வரப்புப் பயிர், மரம் என்று பேசினால் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். பிறகு யாரும் செய்வதில்லை. இந்த மனப்பான்மையை எப்படி மாற்றுவது?
க.

அன்புள்ள க.,

முதலில் நிலம் யாருடையது என்று கேளுங்கள். குத்தகைக்காரர் நிலக்காரரைக் கேட்காமல் குட்டை வெட்ட முடியாது, மரம் வைக்க முடியாது. பத்தில் ஒரு பங்கு குட்டைக்குப் போனாலும் முழு நிலத்துக்கும் குத்தகை அளக்க வேண்டும். அவர் தலையாட்டுவது உங்கள் மேலுள்ள மரியாதையால்.

சொந்த நிலக்காரரின் பயமும் நியாயமானதே. சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். பக்கத்து வயலில் அடித்த மருந்து மடைத்தண்ணீரோடு குட்டையில் இறங்கினால் போதும்.

ஆகவே வரப்பிலிருந்து தொடங்குங்கள். அண்டை கட்டிய, அதாவது வரப்பில் சேறு பூசிய, ஈரத்திலேயே ஒரு ஓரமாக, சாணுக்கு ஒரு குழி, குழிக்கு இரண்டு உளுந்து. மறு ஓரம் ஆள் நடக்க. ஒன்றரை அடிக்குக் குறைந்த வரப்பில் போடாதீர்கள், உரம் போடுகிறவர் காலில் மிதிபட்டே போய்விடும். சம்பாவில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பூ கொட்டும், காய் அழுகும். அதனால் உளுந்து மகசூலைக் காட்டி ஆசை ஊட்ட வேண்டாம். நெல்லைக் கெடுக்கும் பூச்சிகளை அழிக்கும் பொறிவண்டுக்கும் குளவிக்கும் சிலந்திக்கும் அது தங்குமிடம் என்று சொல்லுங்கள்.

நட்ட முதல் 30 நாளில் இலைச்சுருட்டுப்புழு தின்பதைப் பயிர் பெரும்பாலும் தானே ஈடுகட்டிவிடும். அப்போது மருந்து அடித்தால் வரப்பில் வளர்த்த நன்மைப் பூச்சிகள் சாகும்; பிறகு நெல் தண்டில் சாறு உறிஞ்சும் புகையான் பெருகும். ஆனால் விவசாயி பூச்சி தின்ற இலையைக் கிள்ளிக்கொண்டு முதலில் போவது மருந்துக்கடைக்கு. கடைக்காரர் கடன் கொடுக்கிறார், நீங்கள் கொடுப்பதில்லை. அவரையும் உட்கார வைத்துப் பேசாமல் இது நடக்காது.

இன்னொன்று. ஆட்டுக்கிடை, அறுத்த வயலில் வாத்து மேய்ச்சல், நெல் தரிசில் உளுந்து எல்லாம் அவர்கள் ஏற்கெனவே செய்பவை. ஒரே நிலத்தில் பல பயன் எடுப்பதை அவர்களுக்கு நீங்கள் கற்றுத்தர வேண்டியதில்லை; எங்கே இடிக்கிறது என்று கேட்டால் போதும். தரிசு உளுந்தில் இடிப்பது அறுவடை இயந்திரம். கையறுப்புக் காலத்தில் அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிற்கும் நெல்லுக்குள் விதையைத் தெளித்தார்கள். இன்று முளைவிட்ட விதைமேல் பெல்ட் வண்டி ஏறுகிறது. வண்டி வரும் நாளுக்கு நெருக்கமாகத் தெளிக்கச் சொல்லுங்கள். மண்ணில் மெழுகுபதம், அதாவது நீர் நிற்காத மெழுகு போன்ற ஈரம், இருக்க வேண்டும், நீர் தேங்கினால் விதை அழுகும். ஏக்கருக்கு 10 கிலோ போதும் என்பதை, வண்டித்தடத்துச் சேதத்துக்கும் சேர்த்து 12 கிலோவாக்குங்கள்.