குமிழ் இல்லாத பறவை

அன்புள்ள ஐயா,

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குச் செண்டு வாத்து வந்திருப்பதாக வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் படம் போட்டிருந்தார். மூன்று ஞாயிறு போய்விட்டேன், கண்ணில் படவே இல்லை. எந்த நேரத்தில் போனால் பார்க்கலாம்? பைனாகுலரை மாற்ற வேண்டுமா? போன வாரம் வாத்துக் கூட்டம் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தது. நண்பன் ஒரு கல் எறிந்து கிளப்பிப் பார்த்தான். அதிலும் இல்லை.

கே., வேளச்சேரி

அன்புள்ள கே.,

என் பழைய நோட்டுகளைப் பிரித்துவைத்திருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. செண்டு வாத்து என்ற பெயரைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் அந்தக் கல். எறிந்தது நண்பன் என்கிறீர்கள். பக்கத்தில் நின்றது நீங்கள்தானே? அந்தக் கூட்டத்தில் நீலச்சிறகி என்ற சின்ன வாத்துகள் இருந்திருக்கும். அரைக் கிலோகூட எடை இல்லாத பறவை, வடக்கே சைபீரியா வரைக்கும் போய்க் குஞ்சு பொரித்துவிட்டு நம் ஊருக்கு வருகிறது. இரவில் மேயும், பகலில் தூங்கும். திரும்பிப் போவதற்காக உடம்பில் சேர்க்கிற கொழுப்பை அல்லவா அந்தக் கல் கரைக்கிறது! ஒருபக்கம் குப்பைமேடு, மறுபக்கம் கட்டடங்கள். மிஞ்சிய தண்ணீரிலும் நிம்மதியாகத் தூங்கவிடாவிட்டால் அது எங்கே போகும்? 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள் என்று நாம் சந்தோஷப்பட்டதெல்லாம் எதற்கு? இனி அந்த நண்பனோடு போகாதீர்கள்.

பைனாகுலர் 8×42 இருந்தால் போதும், அதை விடுங்கள்.

நீங்கள் தேடியது அந்தப் படத்தை. அலகின் மேல் கறுப்புக் குமிழோடு இருக்கும் ஆணைத்தான் எல்லோரும் படம் போடுவார்கள். பெட்டைக்குக் குமிழே கிடையாது. இனப்பெருக்கக் காலம் முடிந்தால் ஆணுக்கும் அது சிறுத்துவிடும். ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும்கூட அக்டோபரில் வந்து இறங்கும்போது ஆண் பெண் வித்தியாசம் தெரியாமல் பழுப்பாகத்தான் இருக்கும். புத்தகத்தில் பார்த்த கோலத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் எதிரே இருக்கிற பறவை தெரியாது. எனக்கும் ஒருமுறை அப்படித்தான் தெரியாமல் போனது.

கல்லூரி நாட்களில் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஏரிக்கு இதே வாத்தைத் தேடி மூன்று வாரம் அலைந்தேன். புள்ளிமூக்கு வாத்துகளுக்கு நடுவே ஒன்று தனியாக இருந்தது. அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர்கள் அந்தப் பக்கம் வருவார்கள். அதனால், ‘தலையில் கரும்புள்ளி, முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, குமிழ் இல்லை. பட்டி வாத்து தப்பி வந்திருக்கும்’ என்று எழுதிவைத்தேன். மூன்று வாரமும் அதே வரி. மூன்றாம் வாரம் நன்றாகப் பார்க்கக்கூட இல்லை.

நோட்டைப் புரட்டிய விலங்கியல் பேராசிரியர் அந்த வரியில் விரலை வைத்து, “இது பெட்டை செண்டு வாத்துடா” என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுநாள் வகுப்புக்குப் போகாமல் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். மடையைத் திறந்துவிட்டிருந்தார்கள். சேற்றில் கொக்குகள் மட்டும் நின்றன. வெயில் ஏறும் வரை கரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.