வாசலில் தடுப்பு கட்டினால் போதுமா?

கேள்வி: வடசென்னையில் பட்டாளம் பகுதியில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். தெருவிலிருந்து இரண்டு படி இறங்கித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். இந்த முறை வாசலில் ஒன்றரை அடிக்குத் தடுப்பு கட்டித் தருகிறேன் என்கிறார் வீட்டுக்காரர். அது போதுமா? நாலைந்து நாள் விடாமல் பெய்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? அம்மாவுக்கு 71 வயது, சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். மகளுக்கு ஆறு வயது.

பதில்: போதாது, சகோதரி. அந்தப் பணத்தை முதலில் வேறு இடத்தில் செலவு செய்யச் சொல்லுங்கள். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தெருவைவிட இரண்டு படி தாழ்ந்த வீடு என்கிறீர்கள். 2023-ல் தண்ணீர் முதலில் எங்கே தெரிந்தது என்று யோசித்துப் பாருங்கள். வாசல் படியிலா, பாத்ரூமில் தண்ணீர் போகும் ஓட்டை மேல் இருக்கும் ஜாலியிலா? புளியந்தோப்பு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் தரைத்தள வீடுகளுக்குச் சீரமைப்பு வேலை பார்த்துவரும் எனக்கு இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் அநேகமாக ஒன்றுதான்: "கக்கூஸ்லதான் சார் முதல்ல கொப்புளிச்சுது."

உங்கள் பாத்ரூமும் தெருவில் இருக்கும் கழிவுநீர் மேன்ஹோலும் ஒரே குழாயால் இணைந்தவை. மேன்ஹோலில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறதோ, அந்த உயரத்துக்கு உங்கள் வீட்டுக் குழாயிலும் ஏறும். நடுவில் எது தாழ்ந்த வாயோ அதன் வழியாக வெளியே வரும். சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதில், தெருவிலேயே தாழ்ந்த வாய் உங்கள் பாத்ரூம் ஜாலியாக ஆகிவிட்டது. தெருவில் கணுக்கால் தண்ணீர் நிற்கும்போதே உள்ளே வந்துவிடும். வாசலில் தடுப்பு கட்டியிருந்தால் உள்ளே வந்த சாக்கடை வெளியே போகவும் வழியில்லாமல் தொட்டிபோல நிற்கும்.

சரி, உடனடியாகச் செய்யக்கூடியது என்ன? கல்லையோ துணிப்பந்தையோ வைத்து ஜாலியை அடைப்பார்கள். அது நிற்காது. ஓரடி உயரத் தண்ணீர் நான்கு அங்குல ஓட்டையில் ஏறக்குறைய இரண்டரை கிலோ அளவுக்கு மேல்நோக்கி அழுத்தும். இரண்டடி என்றால் ஐந்து கிலோ. செங்கல் ஒன்றை வைத்துவிட்டுத் தூங்கப் போனால் நள்ளிரவில் அது நகர்ந்து கிடக்கும். அதைவிட நல்ல வழி, குழாயை நிறுத்தி வைப்பது. ஜாலியைக் கழற்றிவிட்டு, அந்த வாய்க்குள் இறுக்கமாக நுழைகிற மாதிரி மூன்றடி நீள பிவிசி குழாயைச் செங்குத்தாகச் சொருகுங்கள். அடிப்பக்கத்தில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி நான்கைந்து சுற்று சுற்றினால் பிடித்துக்கொள்ளும். சுவரோடு சேர்த்து ஒரு கயிற்றில் கட்டிவிடுங்கள். தெருவிலிருந்து ஏறி வரும் தண்ணீர் இந்தக் குழாய்க்குள் ஏறி, வெளியே எவ்வளவு நிற்கிறதோ அதே மட்டத்தில் நின்றுவிடும். தரையில் பரவாது. இன்னொரு நன்மையும் உண்டு: டார்ச் அடித்துக் குழாய்க்குள் பார்த்தால், கதவைத் திறக்காமலேயே வெளியில் தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துகொள்ளலாம்.

கக்கூஸ் பேசினுக்குக் குழாய் சரிவராது. அங்கே மணல் மூட்டைதான். தடிமனான பாலிதீன் பையில் மணலை முக்கால் பங்கு மட்டும் நிரப்பி, வாயைக் கட்டி, பேசினுக்குள் அமுக்கி வையுங்கள். முழுக்க நிரப்பினால் விறைத்துக்கொண்டு இடைவெளி விடும். தளர்ந்த மூட்டைதான் பேசினின் வளைவுக்கு ஏற்ப உட்காரும். இருபது கிலோவுக்குக் குறையாமல் இருக்கட்டும். வாஷிங் மெஷின் தண்ணீர் போகும் துளை, சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் இடத்துத் துளை, இரண்டையும் மறக்காதீர்கள். ஒன்றை விட்டால் எல்லாவற்றையும் விட்ட மாதிரிதான். அடைத்த பிறகு கழிப்பறை கிடையாது. மூடி உள்ள பக்கெட், அதற்குள் இரட்டைப் பாலிதீன் உறை, மேலே தூவக் கொஞ்சம் சாம்பல் அல்லது சுண்ணாம்புத்தூள் என்று முன்கூட்டியே எடுத்து வையுங்கள். பெரியவர்களுக்கு இது சங்கடமாக இருக்கும். மழைக்கு முன்பே அம்மாவிடம் சொல்லி வைத்துவிடுவது நல்லது.

இந்தத் தடுப்புகள் எல்லாம் இரண்டடி வரைதான். அதற்கு மேல் தண்ணீர் ஏறினால் தடுக்கப் பார்க்காதீர்கள். வெளியே மூன்றடி, உள்ளே ஒன்றுமில்லை என்று நின்றால் பழைய சுண்ணாம்புக் கட்டடச் சுவர் அந்த அழுத்தத்தைத் தாங்காது. அந்த நிலையில் வீட்டை விட்டுவிட்டு மேலே போவதுதான் சரி.

தெருவில் இன்னொன்று நடக்கும். தண்ணீர் வடியவில்லை என்று யாராவது கடப்பாரையால் மேன்ஹோல் மூடியைத் தூக்கிவிடுவார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் மழைநீர் வடிகால் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. முன்னது மாநகராட்சியின் பொறுப்பு, பின்னது மெட்ரோ வாட்டர் என்கிற குடிநீர் வாரியத்துடையது. கழிவுநீர்க் குழாய் வீடுகளின் கழிவுக்கு மட்டும் கணக்கிட்டுப் போட்டது. தெரு மழை முழுவதையும் அதற்குள் விட்டால் பம்பிங் ஸ்டேஷனால் இழுக்க முடியாது. விட்ட தண்ணீர் அடுத்த தெருவில் தாழ்ந்த வீட்டின் கக்கூஸ் வழியாக வெளியே வரும். பலமுறை அந்தத் தாழ்ந்த வீடு உங்கள் வீடாகவே இருக்கும். திறந்து கிடக்கும் மேன்ஹோல் தண்ணீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஆளை விழுங்கும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. தெருக்காரர்களிடம் இதை மழைக்காலத்துக்கு முன்பே பேசுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள். தேங்கிய நீருக்கு மாநகராட்சியின் 1913-ஐ அழைத்துப் புகார் எண்ணை வாங்கி வையுங்கள்.

மழை நின்ற பிறகும் பட்டாளத்தில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் பகுதித் தண்ணீர் ஓட்டேரி நல்லா என்ற ஓடையில் விழுந்து, பேசின் பிரிட்ஜ் பக்கம் பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்ந்து, அங்கிருந்துதான் கடலுக்குப் போக வேண்டும். நிலம் தட்டை, சரிவு மிகக் குறைவு. மேற்கே அண்ணா நகர், வில்லிவாக்கம் பக்கம் பெய்த மழையும் அதே நல்லாவில்தான் வருகிறது. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் கால்வாய் வடிவது இன்னும் மந்தமாகும். நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறி இறங்கும், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி அதிகமாக ஏறும். மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் யாரைக் கேட்டாலும் அன்றைய நேரத்தைச் சொல்வார்கள். அதனால் மழை விட்டதும் மூட்டைகளை எடுத்துவிடாதீர்கள். குழாய்க்குள் மட்டம் தரைக்குக் கீழே இறங்கி ஆறு மணி நேரமாவது ஆகட்டும்.

"புழல் ஏரியைத் திறந்துட்டாங்க" என்று வாட்ஸ்அப்பில் வரும்போது பட்டாளம் பதற வேண்டாம். புழல் உபரிநீர் வடபெரும்பாக்கம், மணலி, சடையான்குப்பம் வழியாக எண்ணூர்க் கடலுக்குப் போகிறது. அங்கே உறவினர் இருந்தால் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அடுத்தது கரண்ட். இதில் என்னால் நிதானமாகப் பேச முடிவதில்லை. வெள்ளத்தில் மூழ்குகிறவர்களைப் பற்றியே எல்லோரும் பயப்படுகிறார்கள். நம் தெருக்களில் முழங்கால் தண்ணீரில் நடந்து போனவர்கள் மின்சாரத்தால் இறந்திருக்கிறார்கள். வீட்டுக்குள் கடைசி பிளக் பாயிண்டுக்கு அரை அடி கீழே தண்ணீர் வரும்வரை காத்திருக்காதீர்கள். பாத்ரூம் குழாயில் மட்டம் ஏறத் தொடங்கியதுமே, தரை காய்ந்திருக்கும்போதே மெயினை அணைத்துவிடுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் தனியே அணைக்க வேண்டும். மெயினை அணைத்தாலும், ஈபி தெரு முழுக்க நிறுத்தினாலும், இன்வெர்ட்டர் உங்கள் வயர்களுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். தண்ணீர் புகுந்துவிட்ட பிறகு மெயினைத் தேடிப் போகாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987 எண்ணில் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள். தெருமுனையில் நிற்கும் மின்வாரியப் பில்லர் பெட்டிக்கு அருகே மகளை விடாதீர்கள், நீங்களும் போகாதீர்கள். அதைச் சுற்றித் தண்ணீர் நின்றால் எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் போங்கள்.

கேஸ் சிலிண்டரை ரெகுலேட்டர் கழற்றி, மூடி போட்டு, ஜன்னல் கம்பியோடு நிமிர்த்திக் கட்டுங்கள். தண்ணீர் உயர்ந்தால் நிறைந்த சிலிண்டரும் மிதக்கும். ரேஷன் கார்டு, ஆதார், அம்மாவின் மருத்துவச் சீட்டுகள் உறை போட்டுப் பரணில் இருக்கட்டும். 2023-ல் நிவாரணத் தொகை 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது என்பது நினைவிருக்கும்.

குடிதண்ணீர் விஷயத்தில் நம் பகுதிக்கென்றே ஒரு ஆபத்து உண்டு. மெட்ரோ வாட்டர் குழாயில் அழுத்தம் இல்லாததால் அடிபம்பாலோ மோட்டாராலோ உறிஞ்சி எடுக்கிறோம். உறிஞ்சும்போது, குழாயில் எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கே வெளியே தேங்கிய சாக்கடையும் சேர்ந்து உள்ளே இழுபடும். தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் நம்பக் கூடாது. தெருவில் வெள்ளம் நிற்கும் நாட்களிலும் வடிந்து ஒரு வாரம்வரையிலும் அடிபம்புத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, அப்படியே ஒரு நிமிடமாவது விட்டு, ஆறவைத்துக் குடியுங்கள். மழைக்கு முன்பே நான்கு நாளுக்கான குடிதண்ணீரை மூடிய குடங்களில் மேலே ஏற்றி வைத்துவிட்டால் இந்தக் கவலையே பாதி குறையும். தரைக்குள் சம்ப் எனும் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அது மூழ்கிவிட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வடிந்ததும் முழுவதும் இறைத்து, தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி, ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் என்ற கணக்கில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம்.

அம்மாவைப் பற்றி. தரையில் சாக்கடை வந்த பிறகு அவரை நடக்க வைத்து அழைத்துப் போகாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் கீறல் விழுந்தால் வலி தெரியாமல் போகலாம். சாக்கடைத் தண்ணீரில் அந்தக் கீறல் புண்ணாகி, புண் விரலை எடுக்கும் அளவுக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். மாடியில் இருப்பவர்களிடம் இன்றே பேசி, கனமழை எச்சரிக்கை வந்த அன்று மாலையே அம்மாவையும் மகளையும் மேலே அனுப்பிவிடுங்கள். வெளிச்சம் இருக்கும்போது, தரை காய்ந்திருக்கும்போது. நீங்கள் மட்டும் கீழே இருந்து குழாயைப் பார்த்துக்கொள்ளலாம். இப்போது போட்டுக்கொண்டிருக்கும் இன்சுலின் பெரும்பாலும் பிரிட்ஜ் இல்லாமலே நான்கு வாரம் தாங்கும். பிரிக்காத குப்பிகளை உறையில் போட்டு, தண்ணீர் உள்ள மண்பானைக்குள் சின்னப் பாத்திரத்தில் வையுங்கள். மாத்திரையும் ஊசியும் பத்து நாளுக்கு இருக்கட்டும். யாருக்காவது மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் 108. வெளியேற உதவி வேண்டுமென்றால் 1070 அல்லது 1077.

தண்ணீர் வடிந்த பிறகு எல்லோரும் ஒரே நாளில் வீட்டைக் கழுவி முடித்துவிடப் பார்க்கிறார்கள். முதலில் சேற்றை வாரி எடுங்கள், பிறகு சோப்புத் தண்ணீர், அதற்குப் பிறகுதான் பிளீச்சிங். சேற்றின் மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவினால் வாசனைதான் வரும், கிருமி சாகாது. பிளீச்சிங் போட்ட இடத்தில் கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றவே கூடாது. வரும் புகை நுரையீரலைப் பொசுக்கிவிடும். சின்ன பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு கழுவுகிறவர்களுக்கு உயிராபத்து. நனைந்த பிரிட்ஜ், மோட்டார் எதையும் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் பிளக்கில் சொருகாதீர்கள்.

அடுத்த ஒரு மாதத்துக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், "வெள்ளத் தண்ணியில நின்னோம்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் நம் தெருக்களில் வருகிற நோய்தான். டாக்டர் அதை நினைத்துப் பார்க்க உங்கள் ஒரு வாக்கியம் போதும். அதுவரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம், டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவு வரலாம்.

இனி வீட்டுக்காரர் விஷயம். அவரிடம் வரிசையை மாற்றச் சொல்லுங்கள். முதல் செலவு, வீட்டுச் சேம்பரிலிருந்து, அதாவது வீட்டுக் கழிவுநீர் சேரும் தொட்டியிலிருந்து, தெருவுக்குப் போகும் குழாயில் கழிவுநீருக்கான நான் ரிட்டர்ன் வால்வு. அதில் ஒரு மடல் இருக்கும். தண்ணீர் வெளியே போகும்போது திறக்கும், திரும்பி வந்தால் மூடிக்கொள்ளும். துணியோ முடியோ சிக்கினால் மூடாது, அதனால் ஐப்பசி பிறக்கும் முன் ஒருமுறை திறந்து கழுவ வேண்டும். இரண்டாவது செலவு, பாத்ரூம், கக்கூஸ் தரையை மேடாக்குவது. வீடு முழுவதையும் உயர்த்துவதைவிட இது மிகக் குறைவு. சம்ப் வாயை ஓரடி உயர்த்துவதையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு அவர் சொன்ன வாசல் தடுப்பு, அப்போதுதான் அதற்குப் பயன் உண்டு. வால்வு போட்ட அன்றே மாடிக்காரர்களையும் கீழே அழைத்து அதைக் காட்டிவிடுங்கள். மடல் மூடியிருக்கும் நேரத்தில் அவர்கள் மேலே குளித்தால், அந்தத் தண்ணீர் தெருவுக்குப் போக வழியில்லாமல் உங்கள் பாத்ரூமில்தான் வந்து நிற்கும்.