திருவாதிரைக்கு வயது என்ன?

அன்புள்ள சார்,

சென்ற வாரக் கட்டுரையில் திருவாதிரை விண்மீன் சாகும் தறுவாயில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு பத்தி தள்ளி, அதற்கு வயது சுமார் 1 கோடி ஆண்டு, சூரியனுக்கு 460 கோடி என்கிறீர்கள். இளையது எப்படி முதலில் கிழமாகும்? எண் தவறா? என் அம்மாவின் நட்சத்திரமும் திருவாதிரைதான். "அது வெடிச்சுட்டா என் ஜாதகம் என்னடி ஆகும்?" என்று கேட்கிறார்.

தஞ்சாவூர் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

எண் சரிதான். விண்மீனின் ஆயுளை முடிவுசெய்வது அதன் எடை, அதுவும் தலைகீழாக. திருவாதிரை சூரியனைப்போல் 15 முதல் 20 மடங்கு எடையோடு பிறந்தது. கையிருப்பு அவ்வளவு; செலவைப் பாருங்கள், இன்று அது வீசும் ஒளி ஏறத்தாழ ஒரு லட்சம் சூரியன்களுக்குச் சமம். எடை கூடக்கூட மையத்தில் வெப்பம் ஏறும், ஹைட்ரஜன் வெறிபிடித்ததுபோல் எரிந்து தீரும். பரம்பரைச் சொத்தை ஒரே தலைமுறையில் அழிக்கும் பிள்ளை மாதிரி. டைனோசர்கள் அழிந்து ஐந்து கோடி ஆண்டுக்கும் மேல் கழித்துப் பிறந்த விண்மீன் இது! சூரியனைவிட எடை குறைந்த சிவப்புக் குறுமீன்கள் என்னும் விண்மீன்களோ மகா கஞ்சர்கள். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான் என்பதால், அவற்றில் ஒன்றுகூட இன்னும் முதுமையில் செத்ததில்லை.

ஹைட்ரஜன் தீர்ந்தால் ஹீலியம், அப்புறம் கார்பன், நியான், ஆக்சிஜன், சிலிக்கன். ஹீலியம் பத்து லட்சம் ஆண்டு அளவில் தாங்கும். கடைசியில் சிலிக்கன் இரும்பாவது சில நாள் வேலை. இரும்பை எரித்து ஆற்றல் எடுக்க முடியாது. அங்கே அடுப்பு அணைகிறது. பூமி அளவுள்ள மையம் ஒரு நொடிக்குள் ஒரு நகரத்தின் அளவுக்குச் சரிய, வெளிப்பகுதி வெடித்துச் சிதறுகிறது.

2020 தொடக்கத்தில் மொட்டைமாடியில் நின்று பார்த்தபோது எனக்கே திக்கென்றது. எப்போதும் ரோகிணியைவிடப் பளிச்சென்று இருப்பது, அன்று ரோகிணியைவிட மங்கிக் கிடந்தது. வழக்கமான ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான். வெடிக்கப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. பார்த்தால், அது உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி அதையே மறைத்திருக்கிறது! வெடிக்க இன்னும் ஒரு லட்சம் ஆண்டுகூட ஆகலாம். வெடித்தாலும் 500 ஒளியாண்டுக்கு மேல் தள்ளி இருப்பதால் நமக்கு ஆபத்தில்லை. பாதி நிலா அளவு ஒளியோடு பகலிலும் தெரியும், அவ்வளவுதான்.

சரி, அம்மா விஷயம். எனக்கு ஜோதிடத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஜாதகத்தில் வருவது அந்த விண்மீன் அல்ல, நிலவின் பாதையை 27 ஆக வகுத்ததில் ஒரு பங்கு. பங்கு வெடிக்காது. இன்னொரு வேடிக்கை: திருக்கணிதப்படி பார்த்தால் திருவாதிரை விண்மீன் நிற்பதே மிருகசீரிடத்தின் பங்கில்தான். இதை அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் பொறுப்பு.