மறுமொழி: புது டியூப் போட்டும் மறுநாளே பஞ்சர்

நாப்பாளையம் பக்கம் கொசஸ்தலை ஆத்துக்கரையில் சைக்கிள் ஓட்டினா வாரம் ரெண்டு பஞ்சர், புது டியூபும் மறுநாளே காத்து இறங்குதுன்னு எழுதியிருக்கீங்க. டியூபைத் திட்டாதீங்க. பெரும்பாலும் அது சீமைக்கருவேல முள். நுனி உடைஞ்சு டயர் ரப்பருக்குள்ளேயே தங்கிடும். வெளியே தெரியாது, ஆள் ஏறி டயர் அழுந்தும்போதுதான் குத்தும்.

அடுத்த முறை கழட்டும் முன்னாடி, வால்வு இருக்கும் இடத்தை டயரில் சாக்பீஸால் குறிச்சுக்கோங்க. டியூபில் வால்விலிருந்து ஓட்டை எவ்வளவு தள்ளியிருக்கோ, டயரிலும் அங்கேதான் முள். விரலை விட்டுத் தேடாதீங்க, கிழிச்சிடும். கொஞ்சம் பஞ்சை எடுத்து உள்பக்கம் முழுக்க ரெண்டு திசையிலும் இழுங்க. இழை சிக்கும் இடத்தில் ஊசியால் வெளியே தள்ளி, குறடால் பிடுங்குங்க.

ஓட்டை பக்கத்துப் பக்கத்தில் ரெண்டா இருந்தா கதை வேற: காத்து குறைவா இருந்து, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கியிருக்கு. அதுக்காக 60 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) அடிக்க வேணாம்; அது முள்ளையும் தடுக்காது, முதுகையும் விடாது. 75 கிலோ ஆள், 40 மிமீ டயர்னா முன்னே 38, பின்னே 42-ல் ஆரம்பிங்க.

ரிம் ஏத்ததா இருந்தா டியூப்லெஸ்ஸுக்கு, அதாவது உள்ளே டியூபே இல்லாத டயருக்கு மாறிடுங்க. டயருக்கு 90 முதல் 120 மில்லி சீலண்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்). நம்ம வெயிலுக்கு ரெண்டு மூணு மாசத்தில் காஞ்சிடும், வால்வு கோரை (வால்வுக்குள் இருக்கும் சின்னத் திருகு பாகம்) கழட்டி 60 மில்லி சேர்க்கணும். செலவு இடிச்சா, கோர் கழலும் டியூபிலேயே அந்த 60 மில்லியை ஊத்தி ஓட்டலாம்.