ஜோடி கிடைப்பது அவ்வளவு லேசா?

கேள்வி: டென்னிஸ் ஒற்றையர் ஆட்டத்தில் ஒன்றும் சாதிக்க முடியாமல், இருபது வருஷத்துக்கு மேல் யாராவது ஒரு ஜோடியைப் பிடித்துக்கொண்டு காலம் தள்ளியவர் ரோகன் போபண்ணா. ஓய்வு பெற்றபோது அவரை இப்படித் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது சரியா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: 'யாராவது ஒரு ஜோடியைப் பிடித்துக்கொண்டு' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் வீட்டில் இன்னும் யாருக்கும் வரன் பார்க்க ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது.

இரட்டையர் ஆட்டக்காரருக்கு வருஷம் முழுக்க வரன் பார்க்கிற வேலைதான். போட்டியில் இடம் கொடுக்கும்போது இரண்டு பேரின் தரவரிசை எண்களையும் கூட்டிப் பார்க்கிறார்கள். கூட்டுத்தொகை குறைவாக உள்ள ஜோடிக்குத்தான் முன்னுரிமை. எனவே முதல் விசாரணை, 'பையனுக்கு என்ன ரேங்க்?' குணம், குடும்பமெல்லாம் அப்புறம். அடுத்தது திசைப் பொருத்தம்: சர்வீஸை எடுக்க வலப்பக்கம் நிற்பாரா, இடப்பக்கமா? இருவரும் 'எனக்கு இடப்பக்கம்தான்' என்று அடம்பிடித்தால் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். மூன்றாவது முழங்கால் பொருத்தம். முழங்காலுக்குக் கடைசியில் வருகிறேன்.

எல்லாம் கூடி வந்து களத்தில் இறங்குகிறார்கள். சர்வீஸ் போடுகிறவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வலையோரம் நிற்கிற ஆள், கையைப் பின்னால் வைத்து விரலால் ஜாடை காட்டுவார். 'நான் குறுக்கே பாயப்போகிறேன், நீ அந்தப் பக்கம் ஓடு' என்று அர்த்தம். அவர் பாய்ந்து, இவர் ஓட மறந்தால், காலியான இடத்தில் பந்து விழும். உடனே இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். கல்யாணமானவர்களுக்கு அந்தப் பார்வையை நான் விளக்க வேண்டியதில்லை. அப்புறம் பந்தால் வாயை மறைத்துக்கொண்டு குசுகுசுவென்று ஒரு பேச்சுவார்த்தை. எதிராளி உதட்டசைவைப் படித்துவிடக் கூடாதாம். எதிர்ச் சம்பந்தி என்ன பேசுகிறார் என்று தெரியாமல் தவிப்பவர்கள் நம் மண்டபங்களிலும் உண்டு. லியாண்டர் பயஸ் நூறு பேருக்கு மேல் ஜோடி சேர்ந்து ஆடியவர். எத்தனை பார்வைகளைச் சந்தித்திருப்பார், பாவம்.

வரன் என்றால் தரகர் இல்லாமலா? அகில இந்திய டென்னிஸ் சங்கம் இருக்கிறதே! எனக்கும் நம் நாட்டு விளையாட்டுச் சங்கங்களுக்கும் ஆகாது என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். விளையாடுகிறவர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் அங்கே நாற்காலி உண்டு. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு இந்தத் தரகர் முதலில் பயஸுக்கும் மகேஷ் பூபதிக்கும் முடிச்சுப் போட்டார். இருவரும் 1999-ல் நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதி ஆட்டங்களிலும் ஆடி, பிரெஞ்ச் ஓபனையும் விம்பிள்டனையும் வென்ற ஜோடி. ஆனால் அதெல்லாம் பழைய கதை, இப்போது முகம் பார்க்க மாட்டேன் என்றார் பூபதி. சரி, பயஸுக்கு போபண்ணா என்றார்கள். போபண்ணாவும் மாட்டேன் என்றார். கடைசியில் பூபதிக்கும் போபண்ணாவுக்கும் ஒரு மேடை. பயஸுக்குத் தரவரிசையில் எங்கோ கீழே இருந்த விஷ்ணுவர்தன் என்று இன்னொரு மேடை. பயஸைச் சமாதானப்படுத்தக் கலப்பு இரட்டையரில் சானியா மிர்ஸாவை அவருக்கு ஜோடியாக்க, தன்னைத் தூண்டில் இரையாக்கிவிட்டார்கள் என்று அந்தப் பெண் கொதித்துப்போய் அறிக்கை விட்டார். ஆண்களின் இரண்டு ஜோடியும் இரண்டாவது சுற்றோடு மூட்டை கட்டின. சொன்ன பேச்சைக் கேட்காத பூபதிக்கும் போபண்ணாவுக்கும் சங்கம் தடை போட்டது. கோர்ட் அந்தத் தடைக்குத் தடை போட்டது.

தரகர் விட்டாரா? 2016 ரியோவில் பயஸுக்கும் போபண்ணாவுக்கும் கட்டாயக் கல்யாணம். முதல் சுற்றிலேயே போலந்து ஜோடியிடம் தோற்றார்கள். அதே இருவர் 2018-ல் சீனாவின் தியான்ஜினில் ஜெயித்து, நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பை இரட்டையரில் பயஸுக்கு 43-வது வெற்றியைத் தேடித் தந்தார்கள். அது உலக சாதனை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சங்கத்துக்காரர்கள் கடிதம் போடுவார்கள்.

தரகர் தலையிடாதபோது என்ன நடந்தது என்றும் பாருங்கள். பாகிஸ்தானின் ஐசாம் உல் ஹக் குரேஷியை போபண்ணாவே தேடிக்கொண்டார். 2010 அமெரிக்க ஓபனில் இருவரும் இறுதி ஆட்டம் வரை போனார்கள். அமெரிக்காவின் பிரையன் சகோதரர்களிடம் இரண்டு செட்டும் டை-பிரேக்கில் போனது. ஐ.நா.வுக்கான இந்தியத் தூதரும் பாகிஸ்தான் தூதரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டினார்கள். அந்த இரண்டு பேரை ஒரே வரிசையில் கைதட்ட வைத்தவருக்கு நீங்கள் மார்க் போட மறந்துவிட்டீர்கள்.

ஒற்றையரில் ஒன்றும் சாதிக்கவில்லையா? அந்த இறுதி ஆட்டம் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. நுங்கம்பாக்கத்தில் பிரேசிலுக்கு எதிராக டேவிஸ் கோப்பை. முதல் நாள் இரண்டு ஒற்றையரும் போய் இந்தியா 0-2. இரட்டையரில் பயஸும் பூபதியும் (ஆமாம், அப்போது ஒரே பக்கம் நின்றார்கள்) ஒன்றை மீட்டார்கள். கடைசி நாள் சென்னை வெயிலில் பிரேசிலின் பெல்லூச்சி தளர்ந்து பாதியில் விலக, நம் சோம்தேவ் 2-2 ஆக்கினார். மிச்சமிருந்தது ஒரே ஓர் ஆட்டம், அதுவும் ஒற்றையர். ஆடியவர் உங்கள் போபண்ணா. ரிக்கார்டோ மெல்லோவை நேர் செட்களில் வீழ்த்தி இந்தியாவை உலகப் பிரிவு என்கிற மேல்மட்டத்தில் நிறுத்தினார். கும்பகோணத்திலிருந்து நுங்கம்பாக்கம் ஒன்றும் ரொம்ப தூரமில்லை.

முழங்காலுக்கு வருகிறேன் என்றேன். போபண்ணாவின் இரண்டு முழங்காலிலும் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது. கொரோனா காலத்தில் ஐயங்கார் யோகாவைப் பிடித்துக்கொண்டார். 2021-ன் ஆரம்பத்தில் மாதக்கணக்கில் ஒரு வெற்றிகூட இல்லாமல், விட்டுவிடலாமா என்று யோசித்தவர். அந்தக் காலை வைத்துக்கொண்டு 2024 ஜனவரியில், 43 வயதில், மேத்யூ எப்டனுடன் ஆஸ்திரேலிய ஓபனை வென்று உலகின் நம்பர் ஒன் ஆனார். அந்த வயதில் ஆண்கள் இரட்டையர் கிராண்ட்ஸ்லாமை 1968-க்குப் பிறகு வேறு யாரும் வென்றதில்லை. நம்மவர்கள் நாற்பது தாண்டியதும் பந்தியில் தரையில் உட்கார மாட்டேன், டேபிள் போடு என்கிறார்கள். டேபிள் பந்தி வந்தபிறகுதான் இலையில் பரிமாறுகிறவர் நம் முகத்தைப் பார்க்காமலே ரசம் ஊற்றிவிட்டுப் போகிறார் என்பது என் நெடுநாள் வருத்தம். அதை இன்னொரு வாரம் பார்க்கலாம்.

பரிசுப் பணம் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த ஆஸ்திரேலிய ஓபனில் ஒற்றையர் சாம்பியனுக்கு 31.5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். இரட்டையர் சாம்பியன் ஜோடிக்கு 7.3 லட்சம், அதையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். காலம் தள்ளுவதற்கு இதைவிட வசதியான தொழில்கள் இருக்கின்றன.

2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தரவரிசை உரிமையில் போபண்ணாவே ஜோடியைத் தேர்ந்தெடுத்தார்: கோயம்புத்தூர் ஸ்ரீராம் பாலாஜி. முதல் சுற்றில் தோற்றார்கள். எதிரில் ஆடிய பிரெஞ்சு ஜோடியில் மான்ஃபில்ஸ் ஒற்றையர் ஆட்டக்காரர், அதுவும் கடைசி நேர மாற்று ஆள். உங்கள் கட்சிக்கு இது உதவும், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதோடு எப்டன் கதையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதே பாரிஸில் அவருக்கு எதிர்பாராமல் ஒற்றையரில் இடம் கிடைத்தது. ஜோகோவிச்சிடம் 0-6, 1-6. ஒரு வாரம் கழித்து ஜான் பியர்ஸுடன் இரட்டையர் இறுதி ஆட்டம். ஒற்றையர் ஆடுகளத்தின் 27 அடி அகலத்தில் ஒரே ஒரு கேம் எடுத்த மனிதர், இரட்டையருக்காகப் பக்கத்துக்கு நாலரை அடி சேர்த்து 36 அடியாக்கியதும் தங்கப் பதக்கம் வாங்கினார்.