தாதிய மாணவர் கேள்வி பதில்: கை நடுங்கும்போது என்ன செய்வது?

கொழும்பு வார்டுகளில் நீண்ட காலம் நின்றவள் நான். இப்போது மாணவர்களுக்கும் படிப்பிக்கிறேன். வந்த கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

அக்கா, சேலைன் நின்றுவிட்டால் பதறிப்போய் சிஸ்டரிடம் ஓடுகிறேன். ஏச்சுத்தான் கிடைக்கிறது. (முதலாம் ஆண்டு, கொட்டாஞ்சேனை)

முதலில் நோயாளியின் முகத்தைப் பாருங்கள் தங்கச்சி. மூச்சுத் திணறினால் ஓடத்தான் வேண்டும். இல்லையென்றால் போத்தலிலிருந்து கை வரைக்கும் குழாயை விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். போத்தல் முடிந்துவிட்டதா? குழாய் உடம்புக்கடியில் மடிந்து கிடக்கிறதா? பல நேரம் ஆள் முழங்கையை மடக்கிக்கொண்டு படுத்திருப்பார், அவ்வளவுதான். கனுலா (நாளத்துக்குள் செருகும் சின்னக் குழாய்) போட்ட இடம் வீங்கி, குளிர்ந்து, நோகிறதென்றால் சேலைனை நிறுத்திவிட்டுப் போய்ச் சொல்லுங்கள். சிரிஞ்சால் தள்ளிப் பார்க்கவே வேண்டாம். "சேலைன் போகுதில்லை" என்று சொல்வதற்கும் "5ஆம் கட்டில், கனுலா இடம் வீங்கியிருக்கு, நிறுத்திட்டேன்" என்று சொல்வதற்கும் கிடைக்கும் மரியாதையே வேறு.

சோதனையில் சரியாகச் செய்யும் சொட்டுக் கணக்கு வார்டில் மறந்துபோகிறது. (வெள்ளவத்தை)

தாளில் எழுதுங்கள். நான் இன்றைக்கும் எழுதுகிறேன். 500 மில்லிலீற்றர், 4 மணித்தியாலம், 20 சொட்டு செட் (ஒரு மில்லிலீற்றருக்கு 20 சொட்டு விழும் சேலைன் குழாய்) என்றால்: 500 × 20 = 10,000. அதை 240 நிமிடத்தால் பிரித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. செட்டின் உறையைப் பார்க்காமல் கணக்கைத் தொடங்காதீர்கள். மைக்ரோ செட்டில் ஒரு மில்லிலீற்றருக்கு 60 சொட்டு.

மட்டக்களப்பிலிருந்து வந்தவள். சிங்களம் தடுமாறுவதால் வாய் திறக்கவே பயம், மிஸ்.

இரண்டு வசனம் போதும், தொடங்கலாம். "கொஹெத ரிதென்னே?", எங்கே நோகிறது? விளங்காவிட்டால் "ஆயெ கியன்ன", திரும்பச் சொல்லுங்கள். விளங்காமல் தலையாட்டுவதுதான் ஆபத்து.

தன்னம்பிக்கை வகுப்புக்குப் போனால் சரியாகுமா?

காசை வைத்துக்கொள்ளுங்கள். உளவியலாளர் அல்பர்ட் பண்டூரா 1977இல் இதைப் பற்றி எழுதினார்: 'என்னால் முடியும்' என்ற நினைப்புக்குப் பலமான ஊற்று, தானே செய்து முடித்த அனுபவம். பிறர் செய்வதைப் பார்ப்பதும், பிறர் தரும் ஊக்கமும் அதற்கு அடுத்தபடிதான்.

தெரிந்ததுபோல நடிக்கலாமா?

நோயாளிக்கு முன்னால் அமைதியாக நிற்பது நடிப்பில்லை. ஆனால் எண்ணில் நடிக்கக் கூடாது. மாணவியாக இருந்தபோது, பிரஷர் காதில் சரியாக விழாமலே 120/80 என்று எழுதினேன். சிஸ்டர் திரும்பப் பார்த்தார்: 90/60. ஏசவில்லை. ஸ்டெதஸ்கோப்பை என் கையில் தந்து, அடுத்த ஆறு கட்டிலுக்கும் என்னையே பார்க்கச் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே நின்றார்.